கோடை விடுமுறையும் சிகரெட் பெட்டிகளும்

"வாத்தியாருக்கு என்னப்பா, வருஷத்துல ரெண்டு மாசம் சம்பளத்தோட லீவு!" இந்த டயலாக்கைக் கேட்காத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பே இல்லை. அந்த ரெண்டு மாசத்தில் பேப்பர் திருத்துறது, கணக்கெடுப்பு, தேர்தல் டூட்டின்னு பாதி போயிடும்கிறது தனிக்கதை. மீதி இருக்கிற நாளில் மனுஷன் என்ன பண்றார்? சிலர் தூங்குவாங்க. சிலர் டியூஷன் எடுப்பாங்க. சிலர் படிப்பாங்க.

இந்தப் பதிவு அந்த மூணாவது கோஷ்டியைப் பற்றி.

வரலாற்றைப் புரட்டினா, வாத்தியார்கள் லீவில் உட்கார்ந்து "சும்மா" படிச்சது உலகத்தையே புரட்டிப் போட்டிருக்கு. 1802-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் ஊரில் குரோட்டஃபெண்ட்னு ஒரு இளம் பள்ளிக்கூட வாத்தியார். பழைய பாரசீக ஆப்பு எழுத்தைப் படிச்சுக் காட்டுறேன்னு நண்பரோட பந்தயம் கட்டினதா சொல்வாங்க. அந்த வருஷம் செப்டம்பரிலேயே முதல் சில எழுத்துக்களைப் படிச்சு அறிஞர் சபை முன்னாடி வெச்சுட்டார். நம்ம ஊரில் உ.வே.சா. 1880-லிருந்து கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். விடுமுறை விட்டதும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா ஏடு தேடிப் போனவர். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்ததுக்குப் பின்னாடி அப்படிப்பட்ட லீவு நாட்கள் எத்தனையோ இருக்கு. தாத்தாவைப் பற்றி நம்ம ஆளுங்க நிறைய எழுதியாச்சு. நான் சொல்லப்போறது அவ்வளவா பேசப்படாத ஒரு டீச்சரம்மாவைப் பற்றி.

பேர் ஆலிஸ் கோபர். ஊர் நியூயார்க், புரூக்ளின். யாராலும் படிக்க முடியாத ஒரு எழுத்தை ராத்திரியும் லீவு நாளுமா ஏறக்குறைய இருபது வருஷம் "படிச்சவங்க".

(கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.)

முதல்ல எழுத்துக் கதை

1900-ல் ஆர்தர் எவன்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர், கிரீட் தீவில் நாசோஸ் என்ற இடத்தில் தோண்ட ஆரம்பிச்சார். கிரேக்கப் புராணத்தில் மாட்டுத் தலை அரக்கனை அடைச்சு வெச்ச மினோஸ் ராஜா அரண்மனைன்னு சொல்வாங்களே, அதே ஊர். தோண்டத் தோண்ட அரண்மனை வந்தது. கூடவே களிமண் பலகைகளும் கட்டுக் கட்டா வந்தது. பச்சை மண்ணில் கீறி எழுதினது. சாதாரணமா வருஷம் முடிஞ்சதும் கரைச்சுடற சரக்கு. அரண்மனை தீப்பிடிச்சதில் அதெல்லாம் செங்கல் மாதிரி வெந்துபோய், மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் நின்னு போச்சு. ஊரை அழிச்ச நெருப்பு கணக்கு நோட்டைக் காப்பாத்தியிருக்கு பாருங்க.

அதில் ரெண்டு வகை எழுத்து இருந்தது. பழசுக்கு லீனியர் ஏ, அடுத்ததுக்கு லீனியர் பி-ன்னு எவன்ஸ் பேர் வெச்சார். பேர் வெச்சதோட சரி. படிக்க முடியலை. எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. எகிப்து எழுத்துக்கு ரோசெட்டா கல்லு கிடைச்ச மாதிரி, ரெண்டு மொழியில் எழுதின கல்லும் கிடையாது.

எவன்ஸ் இன்னொரு வேலையும் பண்ணினார். தான்தான் படிச்சு முடிக்கணும்னு பெரும்பாலான பலகைகளை வெளியிடாமலே வெச்சிருந்தார். ரெண்டாயிரம் சொச்சம் பலகை கிடைச்சும், மத்த அறிஞர்கள் கைக்கு வந்த பிரதி இருநூறுக்கும் குறைவு. 1941-ல் தொண்ணூறு வயசில் எவன்ஸ் இறந்துட்டார். பலகைகள் அப்படியே இருந்தது.

இப்படி ஒரு காலி மைதானம் கிடைச்சா என்ன ஆகும்? ஆளாளுக்கு பேட் எடுத்துக்கிட்டு வந்தாங்க. இது பாஸ்க் மொழி, இது எட்ரஸ்கன், இது அது. ஒரு எழுத்தைப் பார்த்தா கோடாரி மாதிரி இருக்கு, நம்ம மொழியில் கோடாரிக்கு இன்ன பேர், அதனால இது இன்ன சத்தம்! எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? :-)

டீச்சர் உள்ளே வர்றாங்க

ஆலிஸ் கோபர் பிறந்தது 1906 டிசம்பர் 23. அப்பா அம்மா ஹங்கேரியிலிருந்து அதே வருஷம்தான் அமெரிக்கா வந்திருந்தாங்க. வசதியான குடும்பம் இல்லை. பொண்ணு படிப்பில் கெட்டி. ஹண்டர் கல்லூரியில் லத்தீன் படிச்சு 1928-ல் பட்டம். அங்கே பழங்கால கிரேக்க வாழ்க்கை பற்றி ஒரு பாடம் எடுத்தப்பதான் இந்த எழுத்து கண்ணில் பட்டிருக்கு. "இதை நான் படிச்சே தீருவேன்"னு அப்பவே முடிவு பண்ணிட்டாங்களாம். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1932-ல் முனைவர் பட்டம். ஆராய்ச்சி கிரேக்கக் கவிஞர்கள் பயன்படுத்தின நிறச் சொற்கள் பற்றி. லீனியர் பி-க்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

வேலை புரூக்ளின் கல்லூரியில். லத்தீன், கிரேக்கம்னு ஒரே சமயத்தில் அஞ்சு வகுப்பு வரைக்கும் எடுத்திருக்காங்க. பார்வையற்ற மாணவர்களுக்காகத் தானே பிரெய்ல் கத்துக்கிட்டு, பாடப் புத்தகத்தையும் கேள்வித்தாளையும் பிரெய்லில் எழுதிக் கொடுத்திருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கலை. அப்பா போன பிறகு அம்மாவோட ஒரே வீட்டில் இருந்தாங்க.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு, பேப்பர் திருத்தி முடிஞ்ச பிறகுதான் அவங்களோட சொந்தப் படிப்பு ஆரம்பிக்கும். லிஸ்டைப் பாருங்க. ஹிட்டைட், அக்காடியன், சுமேரியன், பழைய பாரசீகம், பழைய ஐரிஷ், தோக்காரியன், பாஸ்க், சீனம். சமஸ்கிருதம் படிக்கிறதுக்கு 1942-லிருந்து மூணு வருஷம் வாராவாரம் ரயிலேறி யேல் பல்கலைக்கழகம் இருக்கிற நியூ ஹேவனுக்குப் போய் வந்தாங்க. போதாக்குறைக்கு புள்ளியியல், வேதியியல், இயற்பியல், வானவியல்.

கோடை விடுமுறை? 1936 கோடையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சாக்கோ கேன்யன்ல அகழாய்வு பயிற்சி. 1939-ல் கிரீஸ். ஏதென்ஸ்ல தொல்லியல் படிப்பு. அதே 1939-ல்தான், ஏப்ரல் மாசம், கிரீஸ் பெருநிலத்தில் பைலோஸ் என்ற இடத்தில் கார்ல் பிளேகன் அறுநூறு லீனியர் பி பலகைகளைத் தோண்டி எடுத்திருந்தார். உடனே உலகப் போர். பலகைகள் எல்லாம் ஏதென்ஸில் ஒரு பேங்க் லாக்கருக்குள்ள போயிடுச்சு. இவங்க பார்க்கக் கொடுத்து வைக்கலை.

இத்தனை மொழியும் எதுக்குன்னு நினைக்கறீங்க? லீனியர் பி-யும் இந்த மொழியில் ஏதோ ஒண்ணா இருக்கும்னு இல்லை. ஒரு மொழி எப்படியெல்லாம் இருக்க முடியும், சொல் எப்படியெல்லாம் உருமாறும்னு தெரிஞ்சுக்கத்தான். கண்ணுக்குத் தெரியாத பிராணியைத் தேடப் போறவன் மிருகக் காட்சி சாலைக்குப் போய் எல்லா எலும்புக்கூட்டையும் ஒரு தடவை பார்த்துட்டு வர்ற மாதிரி.

சிகரெட் பெட்டி டேட்டாபேஸ்

ஆரம்பத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாங்க. நாற்பது நோட்டு ஆச்சு. போர்க்காலத்தில் அமெரிக்காவிலேயே காகிதத் தட்டுப்பாடு. டீச்சர் என்ன பண்ணினாங்க? வாழ்த்து அட்டை, சர்ச் நோட்டீஸ், பரீட்சை நோட்டின் அட்டை, லைப்ரரி சீட்டுன்னு கிடைச்சதையெல்லாம் ரெண்டு அங்குலத்துக்கு மூணு அங்குலமா கத்திரிச்சு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பிச்சாங்க. மொத்தம் சுமார் 1,80,000 அட்டை!

அதையெல்லாம் எங்கே வைக்கிறது? அம்மணி நல்ல சிகரெட் பார்ட்டி. காலியான சிகரெட் பெட்டிகள் வீட்டில் ஏகப்பட்டது. அட்டைகளை அடுக்க அளவெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் என்ன, சிகரெட் பெட்டிதான் ஃபைல் கேபினெட்.

ஒவ்வொரு எழுத்தும் சொல்லின் முதலில் எத்தனை தடவை வருது, நடுவில் எத்தனை தடவை, கடைசியில் எத்தனை தடவை, எதுக்குப் பக்கத்தில் எது வருது, எது எதோட சேரவே மாட்டேங்குது. எல்லாத்துக்கும் அட்டை. சில அட்டைகளில் குறிப்பிட்ட இடத்தில் துளை போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா எந்தெந்த சொல்லில் ஒரே எழுத்து வருதுன்னு ஓட்டை வழியா தெரியற மாதிரி ஏற்பாடு. நாம இன்னைக்கு கணினியில் ஒரு வரி எழுதி எண்டர் தட்டற வேலை. அவங்க கத்தரிக்கோலும் பேனாவும் வெச்சு செஞ்சாங்க.

முக்கியமான விஷயம், எந்த எழுத்துக்கும் அவங்க சத்தம் கொடுக்கவே இல்லை. "இது 'க'-வா இருக்கலாம்"னு ஒரு இடத்திலும் ஆரம்பிக்கலை. மொழி எதுன்னும் ஊகிக்கலை. தெரியாத எழுத்தில் இருக்கிற தெரியாத மொழியைப் பற்றி யூகம் பண்றது வீண் வேலைன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. முதல்ல எழுத்து எப்படி நடந்துக்குதுன்னு பாரு, மத்தது அப்புறம். இதுதான் அவங்க கட்சி.

நம்ம ஒண்ணாங்கிளாஸ் சார்ட்

இப்ப அவங்க கண்டுபிடிச்சது என்னன்னு பார்க்கலாம். இங்கிலீஷ்காரனுக்கு இதை விளக்க பக்கம் பக்கமா எழுதணும். தமிழ் படிச்சவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. ஏன்னா லீனியர் பி அசை எழுத்து. சுமார் 90 குறிகள். நம்ம உயிர்மெய் மாதிரி ஒவ்வொரு குறியும் மெய்யும் உயிரும் சேர்ந்த ஒரு சத்தம். ஒரே வித்தியாசம், நமக்கு க, கா, கி-ன்னு பார்த்தாலே அண்ணன் தம்பின்னு தெரியும். லீனியர் பி-யில் ஒவ்வொண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத உருவம்.

ஒரு கற்பனை. நம்ம 216 உயிர்மெய்க்கும் யாரோ சம்பந்தமில்லாத 216 படம் போட்டுட்டாங்க. தமிழே தெரியாத ஒருத்தர் அந்தப் படங்களை வெச்சு எழுதின கணக்கு நோட்டைப் பார்க்கிறார். இப்படி சொற்கள் வருது:

வயலை, வயலால், வயலின் (வாத்தியம் இல்லீங்க, வயலுடைய!)

மீனை, மீனால், மீனின்

அவருக்கு என்ன தெரியும்? வ-ய என்ற ரெண்டு படம் மாறாம இருக்கு. அடுத்த படம் மட்டும் மூணு விதமா மாறுது: லை, லா, லி. இது ஒரே சொல் வேற்றுமை உருபு ஏத்துக்கிட்டு மாறுதுன்னு அவர் கண்டுபிடிச்சுட்டார்னு வெச்சுக்குவோம். நமக்குத் தெரியும், உண்மையான சொல் "வயல்". அதோட கடைசி ல்-லும் உருபோட முதல் உயிரும் சேர்ந்து ஒரே படமா ஆயிடுச்சு. அதாவது அந்த மூணாவது படம் பாலம் மாதிரி. ஒரு கால் சொல்லில் இருக்கு, இன்னொரு கால் உருபில் இருக்கு.

அப்படின்னா? லை, லா, லி மூணுக்கும் மெய் ஒண்ணு, உயிர் வேற. அதே மாதிரி னை, னா, னி மூணுக்கும் மெய் ஒண்ணு. இன்னொரு பக்கம் பார்த்தா, லை-யும் னை-யும் ஒரே வேற்றுமையில் வருது. அதனால் அதுங்களுக்கு உயிர் ஒண்ணு, மெய் வேற. லா-வும் னா-வும் அப்படியே.

ஒரு சத்தம் கூடத் தெரியாமலே ஒரு கட்டம் போட்டாச்சு! குறுக்கு வரிசையில் ஒரே மெய், நெடுக்கு வரிசையில் ஒரே உயிர். ஒண்ணாங்கிளாஸ் சுவத்தில் தொங்குமே உயிர்மெய் சார்ட், அதேதான். மேல இருக்கிற அ ஆ இ-யும் பக்கவாட்டில் இருக்கிற க் ங் ச்-சும் மட்டும் அழிஞ்சு போயிருக்கு. ஏதாவது ரெண்டு மூணு கட்டத்துக்கு சத்தம் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் சீட்டுக்கட்டு சரியற மாதிரி சரியும்.

இதைத்தான் கோபர் செஞ்சாங்க. 1945-ல் ஒரு கட்டுரை, 1946-ல் ஒண்ணு, 1948-ல் ஒண்ணு. மூணும் அமெரிக்கத் தொல்லியல் இதழில். முதல் கட்டுரையில் இந்த மொழியில் சொற்கள் விகுதி மாறி வருதுன்னு நிரூபிச்சாங்க. ரெண்டாவதில், ஒரே சொல் மூணு உருவத்தில் வர்ற கூட்டங்களை எடுத்துக் காட்டினாங்க. இதுக்கு பின்னாடி "கோபரின் மும்மைகள்"னே பேர் ஆச்சு. மூணாவதில் பத்தே பத்து எழுத்துக்கு ஒரு குட்டிக் கட்டம். அஞ்சு மெய், ரெண்டு உயிர்.

பத்து எழுத்துதானான்னு கேட்காதீங்க. எவன்ஸ் தோண்டினதிலிருந்து 48 வருஷத்தில் யூகம் கலக்காம ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் உறவு சொன்ன கட்டம் அதுதான். அதுவும் போட்டோவா கையில் இருந்த கொஞ்சூண்டு பலகைகளை வெச்சு.

இன்னொண்ணும் பண்ணினாங்க. பட்டியல் கடைசியில் "ஆக மொத்தம்"னு வர்ற சொல்லுக்கு ரெண்டு உருவம் இருக்கு. ஒண்ணு ஆண்களைக் கணக்கெடுக்கும்போது, இன்னொண்ணு பெண்களைக் கணக்கெடுக்கும்போது. அதாவது இந்த மொழியில் ஆண்பால் பெண்பால் உண்டு. இதையும் ஒரு சத்தம் கூடத் தெரியாமதான் சொன்னாங்க.

ஒரே ஒரு வருஷம்

1946-ல் குகன்ஹைம் உதவித்தொகை கிடைச்சது. வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு முழு வருஷம் வகுப்பு இல்லை. 1947-ல் கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனாங்க. எவன்ஸ் விட்டுட்டுப் போன குவியல் அப்ப அவரோட நண்பர் ஜான் மயர்ஸ் கையில். எழுபது வயசு தாண்டின பெரியவர். போர் முடிஞ்ச இங்கிலாந்து, எல்லாத்துக்கும் ரேஷன், அந்த வருஷம் கொடுமையான குளிர். அம்மணி உட்கார்ந்து வெளிவராத பிரதிகளைக் கையால காப்பி பண்ணினாங்க. இருநூறு பலகையை வெச்சு வேலை பார்த்தவங்களுக்கு திடீர்னு ஒரு கடலே கிடைச்ச மாதிரி.

இங்கதான் மனசுக்குக் கஷ்டமான விஷயம். மயர்ஸ் எவன்ஸோட பலகைகளைப் புத்தகமா கொண்டுவரணும். அவரால் தனியா முடியலை. கோபர் உதவிக்குப் போனாங்க. பட்டியல் சரிபார்க்கிறது, புரூஃப் பார்க்கிறது, தப்பைத் திருத்தறது. மறுபடி வகுப்பு ஆரம்பிச்ச பிறகும் அந்த வேலை அட்லாண்டிக் தாண்டி வந்துக்கிட்டே இருந்தது. ராத்திரியும் லீவும் இப்ப சொந்தக் கட்டத்துக்குப் போகலை. அடுத்தவர் புத்தகத்துக்குப் போச்சு. புத்தகம் சரியா வந்தாதான் எல்லாரும் வேலை பார்க்க முடியும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால செஞ்சாங்க.

1949 கோடையில் உடம்பு படுத்துடுச்சு. அந்த லீவு படிப்புக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. 1950 ஜனவரியில் கல்லூரியில் இணைப் பேராசிரியரா பதவி உயர்வு. 1950 மே 16 காலமானாங்க. 43 வயசு. அந்த வருஷக் கோடை விடுமுறை ஆரம்பிக்கக்கூட இல்லை.

பாக்கிக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சது

மைக்கேல் வென்ட்ரிஸ். கட்டடக் கலைஞர், மொழியியல் பட்டம் எதுவும் கிடையாது. 1936-ல் பதினாலு வயசுப் பையனா எவன்ஸ் பேச்சைக் கேட்டு மாட்டிக்கிட்டவர். கோபர் மாதிரி அவரும் சொந்த நேரத்தில் வேலை பார்த்தவர்தான். ஆனா சுபாவம் நேர் எதிர். யூகம் பண்ண அஞ்சாதவர். இது எட்ரஸ்கனோட சொந்தக்கார மொழியா இருக்கணும்னு வருஷக்கணக்கா நம்பினார். ரெண்டு பேரும் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சந்திச்சிருக்காங்க. பெருசா ஒட்டலை. பின்னாடி வென்ட்ரிஸ் உலகத்தில் இருக்கிற லீனியர் பி ஆட்களுக்கெல்லாம் "உங்க யூகம் என்ன?"ன்னு கேள்விப் பட்டியல் அனுப்பினார். கோபர், இதெல்லாம் நேர விரயம்னு சுருக்கமா பதில் போட்டுட்டாங்க.

ஆனா கட்டம் போடற வித்தையை வென்ட்ரிஸ் எடுத்துக்கிட்டார். 1951-ல் பைலோஸ் பலகைகள் அச்சில் வந்தது. அதை வெச்சு பத்து எழுத்துக் கட்டத்தைப் பெருசாக்கினார். 1952-ல் ஒரு பொறி தட்டுச்சு. கோபரோட மும்மைகள் எல்லாம் நாசோஸ் பலகையில்தான் அதிகம் வருது. ஒருவேளை அது கிரீட் ஊர்ப் பேரா இருந்தா? ரெண்டு மூணு சத்தத்தைப் போட்டுப் பார்த்தார். கோ-நோ-சோ. நாசோஸ்! அ-மி-நி-சோ. அம்னிசோஸ், நாசோஸ் பக்கத்துத் துறைமுகம்! சீட்டுக்கட்டு சரிஞ்சது.

மும்மையில் ஒண்ணைப் பாருங்க: ரு-கி-தோ, ரு-கி-தி-யோ, ரு-கி-தி-யா. லுக்தோஸ் என்ற ஊர், லுக்தோஸ் ஊர்க்காரன், லுக்தோஸ் ஊர்க்காரி. தோ-வும் தி-யும் கோபர் சொன்ன மாதிரியே ஒரே மெய், வேற உயிர். அவங்க இதை வேற்றுமை உருபுன்னு நினைச்சாங்க. உண்மையில் ஊர்ப் பேரிலிருந்து வர்ற சொற்கள். வகைப் பேர்தான் மாறிப் போச்சு. கட்டம் அசையலை.

மொழி? கிரேக்கம்! எவன்ஸ் சாகிற வரைக்கும் இருக்கவே முடியாதுன்னு சொன்ன கிரேக்கம். 1952 ஜூலை 1-ல் பிபிசி ரேடியோவில் வென்ட்ரிஸ் அறிவிச்சார். கிரேக்க அகரவரிசை வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே கிரேக்கம் எழுதப்பட்டிருக்கு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு சுவாரசியம்: அந்த எழுத்தில் க-வுக்கும் கனமான க-வுக்கும் தனி எழுத்து கிடையாது, ப-வுக்கும் அப்படியே. நம்ம எழுத்து மாதிரியே இடம் பார்த்துப் படிக்கணும்.

பலகையில் என்ன இருந்தது? காவியமா? இல்லைங்க. ஆடு இத்தனை, கம்பளி இத்தனை, தேர்ச் சக்கரம் இத்தனை, வேலைக்காரப் பொம்பளைங்களுக்குப் படி இத்தனை. அரண்மனைக் கணக்குப்பிள்ளை நோட்டு!

மயர்ஸ் புத்தகமும் அதே 1952-ல் வந்தது. வென்ட்ரிஸ் 1956-ல் கார் விபத்தில், 34 வயசில் போயிட்டார். அவரோட வேலை பார்த்த ஜான் சாட்விக் 1958-ல் எழுதின புத்தகத்தில் கோபர் பேர் மரியாதையா இருக்கு. ஆனாலும் ஊர் உலகம் நினைவில் வெச்சது வென்ட்ரிஸை மட்டும்தான். கோபரோட அட்டைகளும் கடிதங்களும் டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2013-ல் மார்கலிட் ஃபாக்ஸ் அதையெல்லாம் படிச்சு ஒரு புத்தகம் எழுதின பிறகுதான் டீச்சருக்கு முகம் கிடைச்சது.

வென்ட்ரிஸ் திருடிட்டார்னு நான் சொல்ல வரலை. கடைசித் தாவலுக்கு ஒரு தைரியம் வேணும், அது அவர்கிட்ட இருந்தது. தாவறதுக்கு முன்னாடி நிக்க ஒரு தரை வேணும். அதைப் போட்டது கோபர்.

இதை இப்ப ஏன் எழுதறேன்?

2025 ஜனவரியில் தமிழ்நாடு முதல்வர் மு.க.ஸ்டாலின், சிந்துவெளி எழுத்தைப் படிச்சுக் காட்டுறவங்களுக்கு பத்து லட்சம் டாலர் பரிசுன்னு அறிவிச்சார். சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் 1924-ல் உலகத்துக்குச் சொன்னதோட நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில். நல்ல விஷயம். ஆனா இந்த மாதிரி எழுத்து விஷயத்தில் முடிவை முதல்ல எழுதிட்டு வழிக்கணக்கை அப்புறம் போடறவங்கதான் ஜாஸ்தி. ஒருத்தருக்கு அது தமிழ், இன்னொருத்தருக்கு சமஸ்கிருதம். மீன் படம் இருந்தா மீன், விண்மீன். நமக்குப் பிடிச்ச விடை வந்ததும் பேனாவை மூடிடறோம்.

சிந்துவெளி நிலைமை லீனியர் பி-யை விட மோசம். சராசரியா ஒரு முத்திரையில் அஞ்சு குறிதான். சொல்லைப் பிரிச்சுக் காட்டற கோடு லீனியர் பி-யில் இருக்கு, இங்கே இல்லை. குறிகள் நானூறுக்கு மேல, அதனால வெறும் அசை எழுத்தா இருக்க வாய்ப்பு குறைவு. அது மொழியை எழுதின எழுத்தே இல்லைன்னு 2004-ல் ஒரு கோஷ்டி சண்டைக்கே வந்தாச்சு. இந்த நிலைமையில் நமக்குன்னு இருக்கிற பெரிய சொத்து, 1977-ல் ஐராவதம் மகாதேவன் கொண்டுவந்த சிந்துவெளி எழுத்துத் தொகுப்பு. 417 குறிகள். ஒவ்வொண்ணும் எங்கே வருது, எதுக்குப் பக்கத்தில் வருதுன்னு பட்டியல். யோசிச்சுப் பாருங்க, கோபரோட சிகரெட் பெட்டிகள் செஞ்ச அதே வேலை, இந்தத் தடவை கணினி உதவியோட. மகாதேவனுக்கு அது தொல் திராவிடம்னு சொந்தக் கருத்து உண்டு. ஆனா அந்தப் பட்டியலை அவரோட கருத்துக்கு நேர் எதிரான ஆள் கூட அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம், பயன்படுத்தறாங்க. 2018 நவம்பரில் அவரும் போயிட்டார். பட்டியல் இருக்கு.

யூகத்துக்குப் பரிசு கிடைக்கும், பட்டியலுக்குக் கிடைக்காது. ஆனா யூகம் தப்பாப் போனா அதோட சேர்த்துக் குப்பைக்குப் போயிடும். எட்ரஸ்கன்னு எழுதினவங்க, பாஸ்க்னு எழுதினவங்க புத்தகமெல்லாம் இன்னைக்கு யார் படிக்கிறா? மொழி எதுன்னு வாயே திறக்காத டீச்சரோட கட்டம், விடை கிரேக்கம்னு வந்தப்பவும் நின்னுது. எட்ரஸ்கன்னு வந்திருந்தாலும் நின்னிருக்கும்.

லீனியர் பி-க்கு மூத்த லீனியர் ஏ இன்னும் படிக்கப்படலை. பி-யோட சத்தத்தை வெச்சு வாய்விட்டு ஓரளவு உச்சரிக்க முடியுது, அர்த்தம்தான் தெரியலை. நம்ம சிந்துவெளியில் உச்சரிக்கக்கூட வழியில்லை. ரெண்டுக்கும் ஆள் தேவை. பட்டப்படிப்பு, பதவி எதுவும் கட்டாயம் இல்லைன்னு வென்ட்ரிஸ் காட்டிட்டார். அவசரப்படாத மனசு கட்டாயம்னு கோபர் காட்டிட்டாங்க.

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏதாவது ஒரு வாத்தியார் மே மாச வெயிலில் மின்விசிறிக்கு அடியில் பழைய அட்டைகளில் என்னமோ கிறுக்கிக்கிட்டு இருந்தா, என்ன சார் பண்றீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. கூடவே ஒரு டீயும் கொடுங்க.